ஆய்வு மாணவர் உதவித்தொகை: சட்டமும் ஜவ்வாது மலையும்

முனைவர் பட்ட ஆய்வாளர் வயிற்றுப்பாட்டுக் கவலையின்றி ஆய்வைத் தொடர அரசு தரும் பணம் ஆய்வு உதவித்தொகை. மாணவர்கள் இதை ‘பெல்லோஷிப்’ என்பார்கள். இந்தியாவில் இதை உரிமையாக்கும் சட்டம் எதுவும் இல்லை. அரசாணையும் சுற்றறிக்கையும் தருகின்றன. அவையே நிறுத்தவும் செய்கின்றன.

இந்தக் குறையை ஓர் ஊரிலிருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கத்தின் சட்டமன்றத் தொகுதி, வடமேற்கே ஜவ்வாது மலை வரை நீள்கிறது. மலையில் பெரும்பான்மையோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். பழைய வட ஆற்காடு மாவட்ட மலையாளிகள் என்ற வகையில் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். கல்லூரியில் இவர்களுக்குரிய இடத்தைச் சட்டமே காக்கிறது: தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டத்தில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு உண்டு. ஆனால் சேர்ந்தபின் ஆய்வுக்காலச் செலவுக்கு அத்தகைய சட்டக் காவல் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு 1956இல் சட்டத் தகுதி கிடைத்தது. அதன் இளநிலை ஆய்வு உதவித்தொகை பின்னர் தேசியத் தகுதித் தேர்வோடு பிணைக்கப்பட்டது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை 2005-06இல் வந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு இடம் இருந்தது. அதில் பழங்குடியினருக்கு 667.

தகுதித் தேர்வு வழி வராத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் கிடைத்துவந்தது. 2015 அக்டோபரில் மானியக் குழு அதை நிறுத்த முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் குழுவின் அலுவலகத்தை முற்றுகையிட்டுப் போராடிய பிறகே தொகை தொடர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கோ அந்த 8,000கூட இருந்ததில்லை. இளநிலைத் தொகை 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 என உயர்ந்ததற்கும் ஆய்வாளர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. எப்போது உயர்த்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாததே காரணம்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளருக்கான ஊக்கத்தொகை 2021இல் ஆண்டுக்கு 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக்கப்பட்டது. குடும்ப வருமான வரம்பும் 8 லட்சமாக உயர்ந்தது. நல்ல முடிவுதான். ஆனாலும் மாதக் கணக்கில் இது 8,300 ரூபாய் சொச்சம். மத்திய இளநிலைத் தொகையில் கால்பங்குகூட இல்லை. மலையிலிருந்து இறங்கி, வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவருக்கு இது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றாது.

சட்டத்தால் இந்த நிலையை மாற்ற முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2017இல் இயற்றப்பட்ட சட்டம், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரை ஊழியராக ஏற்று, சங்கம் அமைத்து ஊதியம் பேசும் உரிமையை வழங்கியது. ஆனால் இந்திய நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டம் ஆய்வுக்கு நிதி திரட்ட அமைப்பை ஏற்படுத்தியது; ஆய்வு மாணவரின் மாதத் தொகைக்கு அதில் உறுதி இல்லை.

எனவே தொகையின் அளவு, அது வந்து சேர வேண்டிய நாள், விலைவாசிக்கேற்ற உயர்வு ஆகிய மூன்றையும் உறுதிசெய்யும் சட்ட முன்வடிவு, கலசப்பாக்கம் உறுப்பினரும் அமரும் 234 பேர் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட வேண்டும்.