நழுவிய நாணயம்

வல்லக்கோட்டை முருகனை வழிபட்டுத் திரும்பும்போதெல்லாம், ஒரகடத்து ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளைக் காண்கிறேன். அப்போது, அங்கே ஓர் ஆலையில் பணிபுரியும் என் தமக்கை மகன் 2021-ஆம் ஆண்டில் கூறிய சொல் என் நினைவுக்கு வருகிறது. "மாமா! 2010-இல் நூறு ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கியிருந்தால் இன்று நான் கோடீஸ்வரன்!" என்றான். அவன் போட்ட கணக்கு சரியே. ஆனால் சரித்திரம் அத்துணை எளிதன்று.

மாணவ நண்பர்களே! அக்காலத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 2008 அக்டோபர் 31-ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. வங்கியின் துணையின்றிக் கணினி வழியே பணம் செலுத்தும் முறையை அது விளக்கியது. எல்லாருடைய வரவு செலவையும் பற்பல கணினிகளில் ஒருங்கே பதிந்து வைத்தால், ஒருவர் செய்யும் புரட்டை மற்றவர் கண்டுகொள்ளலாம் என்பதே அதன் சாரம். 2009 ஜனவரியில் அம்முறை நடைமுறைக்கு வந்தது.

2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. எங்கள் ஊரில் நிலத்தின் விலையைப் பற்றியே பேச்சு. அடுத்த இரண்டு மாதத்தில், மே 22-ஆம் நாள், அமெரிக்காவில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்பவர் 10,000 பிட்காயின்கள் கொடுத்து இரண்டு பீட்சாக்களைப் பெற்றார். அவ்வளவு நாணயங்களின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 41 டாலர். அவர் அறிவிலியா? அல்லர். அதைக் கொண்டு ஒரு பொருளை வாங்க முடியும் என்பதே அன்று பெருஞ்செய்தி.

அன்று பெற்றவர் அனைவரும் செல்வரானாரும் அல்லர். 2011 ஜூனில் சுமார் 30 டாலருக்கு உயர்ந்த நாணயம், அவ்வாண்டு நவம்பரில் 2 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. அஞ்சி விற்றவர் பலர். வேல்ஸ் நாட்டு ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஆயிரக்கணக்கான நாணயங்கள் அடங்கிய கணினித் தட்டு, 2013-இல் தவறுதலாகக் குப்பைக்குப் போயிற்று. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் பெரிய நாணயச் சந்தை 2014 பிப்ரவரியில் நொடித்தது.

நம் நாட்டிலும் தெளிவு மெல்லவே பிறந்தது. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரலில் வங்கிகள் இவ்வணிகத்துக்கு உதவலாகாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022-இல் இதன் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது. இது ஒருவகைச் சொத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது 2025 அக்டோபரில்தான். சட்டம் வல்லார்க்கே இத்தனை ஆண்டுகள் வேண்டியிருக்க, 2010-இல் பள்ளியில் பயின்ற சிறுவன் எதைக் கண்டு துணிவான்?

இதனை நான் அவனிடம் எடுத்துரைக்கத் தாமதித்தேன். நழுவியதை மீட்கும் வேகத்தில், வீடு கட்டச் சேர்த்த பணத்தை 2021 நவம்பரில் அதில் இட்டான். அப்போது விலை 69,000 டாலரை நெருங்கியிருந்தது. ஓராண்டில் அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. மனம் தளர்ந்து விற்றுவிட்டான். பின்னர், 2024 டிசம்பரில், விலை ஓர் இலட்சம் டாலரைக் கடந்தது. 2010-இல் வாங்காததால் அவன் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. அதனை எண்ணி ஏங்கியதால் போயிற்று.

இன்று அவன் மாலை வேளைகளில் அந்த ஒன்பது பக்கங்களை என்னுடன் அமர்ந்து படிக்கிறான். விளங்காத இடங்கள் பல உண்டு. விலையின்றி யாவரும் படிக்கலாம் என்றே அவை 2008 முதல் கிடக்கின்றன. அவற்றை அன்றே படித்துப் பார்க்காததுதான் நாங்கள் உண்மையில் நழுவவிட்ட வாய்ப்பு.