மதகு ஒருத்தர் கையில், ஓட்டு இன்னொருத்தருக்கு

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விசித்திரமான தேர்தல் நடக்கிறது. சாக்கடையையும் மழைநீர் வடிகாலையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம மாவட்டம் மாதிரி அங்கே கவுண்டி. கவுண்டிக்கு ஒரு வடிகால் ஆணையர், நாலு வருஷப் பதவி, கட்சி சார்பிலேயே நிற்கலாம். சும்மா அலங்காரப் பதவி இல்லை. 1956-ஆம் வருஷத்து வடிகால் சட்டப்படி, ஒரு வாய்க்கால் வெட்டினால் யாருக்கெல்லாம் பலன் என்று கணக்குப் போட்டு அவர்களிடம் காசு வசூலிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. சில கவுண்டிகளில் இப்போது பதவியின் பெயரை நீர்வள ஆணையர் என்று மாற்றிவிட்டார்கள். வாஷ்டெனா கவுண்டியில் 2012-ல் இந்தப் பதவிக்கு நின்று ஜெயித்த இவான் பிராட் ஒரு சிவில் இன்ஜினியர்.

"பரவாயில்லையே, வேலை தெரிஞ்சவன் ஓட்டுக் கேட்கிறான்" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இன்ஜினியராக இருக்கணும் என்று சட்டத்தில் இல்லை. பக்கத்தில் மேகோம்ப் கவுண்டியில் 2016 நவம்பரில் இதே மாதிரியான பதவிக்கு ஜெயித்த கேண்டிஸ் மில்லர் பல வருஷம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அரசியல்வாதி. அவர் பதவியேற்பதற்கு ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 24 அன்று, ஃப்ரேசர் என்ற ஊரில் பாதாளச் சாக்கடைக் குழாய் உடைந்து சாலை பெரிய பள்ளமாக உள்வாங்கியது. வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சரிசெய்ய ஏழு கோடி டாலருக்கு மேல் ஆனது. குழாயைப் போட்டவர் அவர் இல்லை, உடைத்ததும் அவர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஊர் யாரிடம் போய்க் கேட்கணும் என்பதில் குழப்பமே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குழப்பம்தான் நூற்று முப்பது வருஷமாக இருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கு அளவுக்கு ஒரு இன்ஜினியரைக் கொண்டாடுகிற இடம் இந்தியாவில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள், தேனி பேருந்து நிலையத்துக்கே பென்னிகுவிக் பெயர்தான். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, 1895 அக்டோபரில் அணை திறப்பு. மேற்கே கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்தது. இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை அது. பென்னிகுவிக் பதில் சொல்ல வேண்டியிருந்தது மெட்ராஸ் அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

ஓட்டு வாங்கிய ஆளின் பெயரும் இங்கே ஒரு கால்வாய்க்கு உண்டு. பி.டி.ஆர். கால்வாய். உத்தமபாளையத்துக்காரரான பி.டி. ராஜன், நீதிக்கட்சித் தலைவர், 1936-ல் சில மாதம் மெட்ராஸ் மாகாண முதல்வர். படித்தது சட்டம்.

இன்ஜினியரும் ஓட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்த இந்திய உதாரணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கே.எல். ராவ். அணைக்கட்டு நிபுணர், விஜயவாடாவில் 1962, 1967, 1971 மூன்று தேர்தலிலும் ஜெயித்து மத்தியப் பாசன அமைச்சராக இருந்தவர். கங்கையையும் காவிரியையும் இணைக்கலாம் என்றவர். ஆனால் அது டெல்லி மட்டம். வாய்க்கால் மட்டத்தில் என்ன நிலைமை?

வாய்க்கால் மட்டத்திலும் தேர்தல் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. பழைய குடிமராமத்து வழக்கத்தைப் பிரிட்டிஷார் 1858-ல் கட்டாய வேலைச் சட்டமாக ஆக்கினார்கள். ஊர் தானாகச் செய்துகொண்டிருந்ததை, செய்யாவிட்டால் தண்டனை என்று மாற்றினால் என்ன ஆகும்? வழக்கம் தேய்ந்துபோனது. அப்புறம் 1997-ல் ஆந்திரா விவசாயிகளிடமே பாசனத்தை ஒப்படைக்கும் சட்டம் கொண்டுவந்து ஆயிரக்கணக்கான சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தியது. அதைப் பார்த்துத் தமிழ்நாடும் 2000-ல் ஒரு சட்டம் போட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு ஒரு தலைவர், ஆட்சி மண்டலத் தொகுதி உறுப்பினர்கள். முறைவைத்துத் தண்ணீர் பிரிப்பது, வாய்க்கால் பராமரிப்பு, தகராறு தீர்ப்பது எல்லாம் சங்கத்தின் வேலை என்று சட்டம் சொல்கிறது.

சரி, தண்ணீரைத் திறப்பது யார்? பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் வட்டத்திலேயே இருக்கிறது, மீதி தேனியிலும் போடியிலும். அணையில் போதுமான தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ல் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி, 120 நாள். உத்தரவு சென்னையிலிருந்து வரும். ஷட்டரைத் தூக்குவது நீர்வளத்துறையின் லஸ்கர். அவருக்கு மேலே ஏ.இ., அதற்கும் மேலே இ.இ. ஆக, ஓட்டு வாங்கிய சங்கத் தலைவர் கையில் இருப்பது மனு. மதகைக் கையில் வைத்திருக்கிற இன்ஜினியரைக் கடைமடை விவசாயி ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அட்மின் பாஸ்வேர்ட் ஒருத்தரிடம், திட்டு வாங்குகிறவர் இன்னொருத்தர். அப்படிப்பட்ட சிஸ்டத்தில் எந்தக் கோளாறும் நேரத்துக்குச் சரியாகாது.

அப்போ ஒரு இன்ஜினியரே சங்கத் தேர்தலில் நின்றால்? ஆயக்கட்டில் நிலம் இருந்தால் ரிட்டயர்டு இன்ஜினியர் தாராளமாக நிற்கலாம். நின்றால் நல்லதுதான். ஒரு மதகில் எத்தனை அங்குலம் தூக்கினால் எத்தனை கனஅடி போகும் என்று இ.இ.யோடு எதிரில் உட்கார்ந்து கணக்குப் பேச முடியும். ஆனாலும் என் சந்தேகம் வேட்பாளரைப் பற்றியது இல்லை, வாக்காளர் பட்டியலைப் பற்றியது.

மிச்சிகனில் கவுண்டி முழுக்க ஓட்டுப் போடுகிறது. வயல்காரனும் போடுகிறான், சாக்கடை போய்ச் சேருகிற டவுன்காரனும் போடுகிறான். நம்ம பள்ளத்தாக்கில் சங்க ஓட்டு ஆயக்கட்டு விவசாயிக்கு மட்டும். அதே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற கம்பம், சின்னமனூர் டவுன்காரருக்கு ஓட்டு இல்லை. டவுன் சாக்கடை கலந்த வாய்க்காலில் முழங்கால் வரை இறங்கி நாற்று நடுகிற, சொந்த நிலம் இல்லாத அக்காமார்களுக்கும் இல்லை. சாக்கடையைக் கேட்டால் நகராட்சி, வாய்க்காலைக் கேட்டால் நீர்வளத்துறை, தூர்வாரக் கேட்டால் சங்கம். 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் திரும்பி வந்தபோதுகூட, பத்தில் ஒரு பங்கு விவசாயிகள் போடணும் என்றுதான் இருந்தது. வாய்க்காலுக்குள் கழிவைத் திருப்பிவிட்ட ஊர்ப் பக்கம் அந்தப் பங்குக் கணக்கு நீளவே இல்லை.

மிச்சிகன் முறையை அப்படியே இங்கே தூக்கி வரச் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்தில் டவுன் கவுன்சிலர் ஒருவரும், நிலம் இல்லாத கூலிக்காரர் ஒருவரும் ஓட்டுரிமையோடு உட்காரட்டும். எந்த மதகை எந்த மணிக்கு எத்தனை அங்குலம் தூக்கினார்கள் என்ற பதிவேட்டின் ஒரு பிரதி சங்கத் தலைவரிடமும் இருக்கட்டும். கடைமடைக்காரர் சண்டைக்கு வரும்போது அவர் கையில் காட்டுவதற்கு அதுவாவது வேண்டுமே.