ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி: ஒரு சங்ககால பீரின் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவர் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவர், இப்போ இங்கிலாந்துல படிக்கிறார். முதல் தடவையா ரூம்லயே பீர் போட்டிருக்கார். ரெண்டு நாள் பொங்கு பொங்குன்னு பொங்கிச்சாம். அப்புறம் நுரை அடங்கி, ஓரமெல்லாம் பழுப்பா ஒட்டிக்கிச்சாம். லேசா அழுகின முட்டை வாடை. அஞ்சாவது நாள் குமிழே காணோம். "கெட்டுப்போச்சா? மெத்தனால் இருக்குமா? கொட்டிடவா?"ன்னு கேட்கிறார்.

கொட்ட வேண்டாம். இதுக்குத் தமிழ்லயே ரொம்பப் பழைய பதில் ஒண்ணு இருக்கு.

பத்துப்பாட்டுல ஒண்ணு பெரும்பாணாற்றுப்படை. பாடினவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்கிட்ட பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு அது. எந்தக் குடியிருப்புல என்ன சாப்பாடு கிடைக்கும்னும் சொல்லிக்கிட்டே போகும். வலைஞர் குடியிருப்புல சுட்ட மீனோட ஒரு பானம் கிடைக்கும். அதோட செய்முறையையே பாட்டு விவரிக்குது.

குத்தாத அரிசியைக் களியாக் காய்ச்சணும். வாய் அகன்ற தட்டுல கொட்டி ஆறவைக்கணும். அதுல ஒரு பொருளைக் கலக்கணும். அது நெல்முளை, இடிச்சுச் சேர்க்கிறதுன்னு பழைய உரை விளக்குது. ரெண்டு பகலும் ரெண்டு ராத்திரியும் கழியணும். ஜாடியில நல்லா விளைஞ்ச பிறகு, வெந்நீர் விட்டு விரலால அலைச்சுப் பிழியணும்.

இந்த நெல்முளைதான் விஷயமே. பனங்கள்ளுல சர்க்கரை ஏற்கெனவே இருக்கு, ஈஸ்ட் நேரா வேலையை ஆரம்பிச்சிடும். அரிசியில இருக்கிறது மாவுச்சத்து. அதை ஈஸ்ட்டால சாப்பிட முடியாது. முளைவிட்ட தானியத்துல இருக்கிற என்சைம்கள் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். பீருக்கு பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்குறதும் இதுக்குத்தான். அப்படிப் பார்த்தா, வலைஞர் வீட்டு ஜாடியில இருந்தது ஒரு பீர்.

களியை ஏன் ஆறவைக்கணும்? கொதிக்கிற சூட்டுல ஈஸ்ட் செத்துடும். அந்த ஈஸ்ட் எங்கிருந்து வரும்? எங்க முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்புல, கொட்டையைத் திருகிட்டுப் போட்ட பழம் சித்திரை வெயில்ல ரெண்டே நாள்ல புளிச்சு வாடை கிளப்பும். யாரும் எதையும் கலக்கல. பழத்தோல்லயே ஈஸ்ட் இருக்கு. பானையில, தட்டுல, தானியத்துலயும் இருக்கும். சர்க்கரையை ஆல்கஹாலா மாத்துறது இந்த உயிர்தான்னு லூயி பாஸ்டர் நிறுவினது 1850-களின் கடைசியில. பீரைப் பத்தியே அவர் எழுதின புத்தகம் 1876-ல வந்துச்சு.

இப்போ நம்ம நண்பரோட பாத்திரத்துக்கு வருவோம். முதல் 12 மணியிலிருந்து 24 மணி நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஈஸ்ட் பெருகிக்கிட்டு இருக்கும். அடுத்த ரெண்டு மூணு நாள் பொங்கும், பாத்திரமே சூடாகும். பழுப்புக் கறை, நுரை விட்டுட்டுப் போனது. முட்டை வாடை, ஈஸ்ட் வெளியிடுற கந்தக வாயு. பெரும்பாலும் தானா போயிடும். குமிழ் நின்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. அப்போ குடிச்சா பச்சை ஆப்பிள் வாசனை அடிக்கும். அது அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்து ஆல்கஹாலா மாத்தும், அதுக்கு நாள் கொடுக்கணும். உருத்திரங்கண்ணனார் இதுக்கு ஒரு சொல் வச்சிருக்கார்: வழைச்சு. இளசா, பச்சையா இருக்கிற தன்மை. அது போற வரைக்கும் விளையணும்ங்கிறார்.

அவங்களுக்கு ரெண்டு நாள் போதுமானதா இருந்தது, நம்ம ஊர் வெக்கையில. 18, 20 டிகிரியில வைக்கிற பீருக்கு ரெண்டு வாரம் ஆகும்.

இதையெல்லாம் ஏன் பாட்டிகிட்ட கேட்க முடியல? சட்டமும் ஒரு காரணம். 1886-ல மெட்ராஸ் அப்காரி சட்டம் வந்துச்சு. மது தயாரிக்கிறது லைசென்ஸும் வரியும் சார்ந்த விஷயமாச்சு. 1937-ல ராஜாஜி ஆட்சியில சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு தொடங்குச்சு, 1948-ல மாகாணம் முழுக்க வந்துச்சு. 1971-ல தளர்த்தினாங்க, 1974-ல திரும்ப வந்துச்சு. இன்னிக்கு டாஸ்மாக் இருக்கு, ஆனா தமிழ்நாட்டுல வீட்டுல பீர் போட்டா குற்றம். இங்கிலாந்துலயும் 1880-லிருந்து லைசென்ஸ் வேணும்னு இருந்தது. சொந்த உபயோகத்துக்குப் போடுறவங்களுக்கு 1963-ல அதை எடுத்துட்டாங்க. அதனாலதான் நம்ம நண்பர் அங்க தைரியமா போடுறார்.

மெத்தனால் பயம் எங்கிருந்து வருதுன்னு நமக்குத் தெரியும். 2024 ஜூன்ல, எங்க பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்க. அது புளிக்கவச்சதால வந்த விஷம் இல்ல. தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலைச் சாராயத்துல கலந்ததால வந்தது. தானியம் புளிக்கிறப்போ உண்டாகிற மெத்தனால் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஆனா அதைக் காய்ச்சி வடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். பெரும்பாலான நாடுகள்ல அது குற்றம், ஆபத்தும்கூட.

அதனால தம்பி, மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. ரெண்டு வாரம் ஆனதும் ஹைட்ரோமீட்டர் போடுங்க. மூணு நாள் விட்டுப் பார்த்தாலும் அளவு மாறலன்னா பாட்டில்ல ஊத்துங்க. அவசரப்பட்டு அடைச்சா உள்ள வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். பச்சை, கறுப்புன்னு ரோமம் மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தா மட்டும் யோசிக்காமக் கொட்டிடுங்க.