குளிரும் குருதியும்: இதய அறுவை வரலாற்றில் ஒரு பக்கம்

தீவில் வாழும் நமக்குக் குளிர் என்றால் என்னவென்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். நெடுங்காலம் போர்ட் பிளேயர் என்று அழைக்கப்பட்டு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரில், நம் டெய்ரி ஃபார்ம் பகுதியில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மார்கழியில் ஊருக்குப் போனால், காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்து நம் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். வெயிலில் வைத்தால் அது மறுபடி இளகிவிடும்.

இப்படிக் குளிரில் திரண்டு, சூட்டில் பிரிகிற ரத்தமும் சிலருக்கு உண்டு. அவர்கள் இதய அறுவைக்குப் போகும்போது என்ன நேரும், மருத்துவ உலகம் அதை எப்படிச் சமாளித்தது என்பதே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். கடை வைத்துப் பிழைப்பவன். படித்துத் தெரிந்துகொண்ட வரலாற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குளிர் தந்த கொடை

துடிக்கும் இதயத்தைத் திறந்து தைப்பது எப்படி? ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை கெட்டுவிடும். இதற்கு விடை தேடியவர் கனடா நாட்டு டொரோண்டோவின் டாக்டர் வில்ஃப்ரெட் பிகலோ. உடலைக் குளிர வைத்தால் அதன் பிராணவாயுத் தேவை குறையும், கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நாய்களிடம் சோதித்து 1950-இல் வெளியிட்டார். 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் ஜான் லூயிஸ் ஒரு ஐந்து வயதுச் சிறுமியின் உடலை 28 டிகிரி வரை குளிர்வித்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, உள்ளிருந்த ஓட்டையைத் தைத்தார். அடுத்த ஆண்டு, 1953 மே 6-இல், டாக்டர் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றி கண்டார்.

இயந்திரம் வந்த பிறகும் குளிர் போகவில்லை. உடலை மிதமாகக் குளிர்விப்பதும், இதயத்தை நிறுத்த 4 டிகிரி அளவில் குளிர்ந்த பொட்டாசியக் கரைசலைச் செலுத்துவதும் உலகெங்கும் வழக்கமாயின. நம் நாட்டில் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் திறந்த இதய அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார்.

குளிரே பகையானால்

ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், 1903-லேயே விலங்குகளின் சொந்த ரத்தம் குளிரில் தானே ஒட்டிக்கொள்வதைக் குறித்து வைத்தார். இதற்குக் காரணமான எதிர்ப்பொருளைத்தான் மருத்துவர்கள் கோல்டு அக்லூட்டினின் என்கிறார்கள். பெரும்பாலும் ஐ.ஜி.எம். என்ற வகையைச் சேர்ந்தது. பல கைகள் கொண்ட பெரிய மூலக்கூறு என்பதால், ஒரே நேரத்தில் பல சிவப்பணுக்களைப் பிடித்துக் கட்டிவிடும். சூடானால் விட்டுவிடும். ஆனா தேங்காயெண்ணெய் மாதிரி சேதாரம் இல்லாமல் முடிகிற கதை இல்லை இது. பிடிபட்டிருந்த அணுக்களில் சில, உடல் மறுபடி வெதுவெதுப்பாகும்போது உடைந்து போகும். அதனால் ரத்தசோகை வரும், சிறுநீர் கறுக்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். திரண்ட அணுக்கள் இதயத்தின் நுண்குழாய்களை அடைத்தால் இதயத்தசையே சேதமாகும்.

இதில் பயப்படத் தேவையில்லாத செய்தியும் உண்டு. இந்த எதிர்ப்பொருள் கொஞ்சம் நம்மில் பலருக்கும் இருக்கும். 4 டிகிரியில் மட்டும் வேலை செய்யும், தொந்தரவு தராது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்குப் பின் இது ஏறும் என்று 1943-இல் அறிந்தார்கள். அது சில வாரங்களில் தானே இறங்கிவிடும். வயதானவர்களில் சிலருக்கு நிலையாகத் தங்குவதே நோய்.

டொரோண்டோவிலிருந்தே மாற்று வழி

குளிர்க் கரைசல் செல்லும் குழாயில் ரத்தம் திரிதிரியாகத் திரள்வதை அறுவையின் நடுவே கண்டுதான் சில மருத்துவர்கள் இதை அறிந்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் வழிகள் பல. முதலில் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது, எத்தனை டிகிரியில் அது வேலை செய்யத் தொடங்குகிறது? இரண்டாவதுதான் முக்கியம். அந்த டிகிரிக்கு மேலேயே உடலை வைத்துக்கொண்டால் ஆபத்து விலகும். அறையையும், ஏற்றும் ரத்தத்தையும், குளுக்கோஸ் நீரையும் வெதுவெதுப்பாக்குவார்கள்.

இதயத்தையும் குளிர்விக்காமல் நிறுத்த முடியுமா? முடியும் என்று காட்டியதும் டொரோண்டோதான். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ள லிக்டென்ஸ்டைன், சலெர்னோ முதலிய மருத்துவர்கள் வெதுவெதுப்பான ரத்தக் கரைசலால் இதயத்தைக் காக்கும் முறையை வளர்த்தார்கள். 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஒப்பீடு 1994-இல் வெளியாகி, அந்த முறையும் பாதுகாப்பானதே என்று காட்டியது. குளிரைக் கொண்டுவந்த ஊரே குளிர் வேண்டாதவர்களுக்கும் வழி சொன்னது பாருங்க!

சிலருக்கு இதயம் துடிக்கும்போதே பைபாஸ் செய்யலாம். கடுங்குளிர் தவிர்க்க முடியாத பெருந்தமனி அறுவை என்றால், முன்னதாகப் பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருளைக் குறைப்பார்கள். நிமோனியா வந்து சில வாரமே ஆனவர் என்றால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடலாம்.

நம் கையில் உள்ளது

செல்லுலார் சிறை வளாகத்தில் 1963-இல் எழுந்த கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை நம் தீவுகளுக்கு உயிர்நாடி. ஆனால் இதய அறுவை என்றால் நம்மவர் பலர் நாடியது சென்னையைத்தான். கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்குள்ள மருத்துவருக்கு நம்மைத் தெரியாது. நாம் கொண்டுபோகும் காகிதக் கட்டுதான் நமக்காகப் பேசும்.

குளிர்நாட்டில் இருப்பவருக்குப் பனிக்காலத்தில் விரல் நுனியும் காது மடலும் நீலம் பாரித்து நோயைக் காட்டிக்கொடுக்கும். நமக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காமலே போகலாம். எப்போதோ பத்ரிநாத், சம்மேத சிகரம், ஊட்டி என்று போனபோது விரல் நீலமாகி, சிறுநீர் கறுத்து, ஊர் திரும்பியதும் சரியாகியிருக்கும், நாமும் மறந்திருப்போம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தச் சோதனைக்கூடத்திலும் ஒரு தடயம் கிடைக்கும். ரத்தம் திரண்டிருந்தால் இயந்திரம் சிவப்பணுக்களைக் குறைவாக எண்ணும், எம்.சி.எச்.சி. என்ற அளவைப் பொருந்தாத உயரத்தில் காட்டும். மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் கணக்கு நேராகிவிடும். அந்தக் குறிப்பை எழுதித் தந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை எல்லா நோயாளிக்கும் செய்வது பல இடங்களில் வழக்கமில்லை. ஆகவே அந்த ஒரு வரிக் குறிப்பும், மலையில் விரல் நீலமான கதையும், அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் கேட்க வரும்போது நம் வாயில் தயாராக இருக்கட்டும்.