குளமும் வழக்கமும் சட்டமும்

இலங்கையின் உலர்வலயத்திலே குளமே ஊரின் உயிர். மாரிக்கு முன் குளக்கட்டைத் திருத்துதல் குடிகள் அனைவர்க்கும் பொதுக்கடமையாயிருந்தது. இராசகாரிய முறை அக்கடமையை வலியுறுத்திற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, 1832ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அம்முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயினும், அதனோடு பிணைந்திருந்த ஊர்க்கடமையும் தளர்ந்தது. பல ஊர்களிற் கட்டுகள் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. நீரின்றி வயல்கள் தரிசாயின. குறையை உணர்ந்த அரசு, தேசாதிபதி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால், வயற்சொந்தக்காரர் கூடித் தம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. வழக்கமொன்றை நீக்கும் சட்டம், அது தாங்கிநின்ற பாரத்தை இனி யார் சுமப்பாரென்பதையும் கூறல் வேண்டுமன்றோ?