தனியார்மயம்

‘தனி’யோடு மரியாதைக்குரிய ‘ஆர்’ சேர்ந்து தனியார். ‘மயம்’ வடமொழி வரவு. ஒன்றாலேயே ஆனது, அதுவாகவே நிறைந்தது என்று பொருள். ஆனந்தமயம், இருள்மயம் போல. அதனால் தனியார்மயம் என்றாலே முழுசாகக் கைமாறிப்போனது என்றுதான் காதில் விழும்.

அமெரிக்காவிலும் இதற்கு இணையான ‘பிரைவேடைசேஷன்’ என்ற சொல் அரசியல்வாதிகளைப் பாடாய்ப்படுத்தியது. 1935-இல் சட்டமான சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் 12.4 சதவீதம் வரி. தொழிலாளிக்குப் பாதி, முதலாளிக்குப் பாதி. அதில் 4 சதவீதப் புள்ளி வரை தொழிலாளிகள் சொந்தக் கணக்கு வழியாகப் பங்குச் சந்தையில் போட்டுக்கொள்ளலாம் என்று 2005-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் முன்மொழிந்தார். அந்தக் கணக்கை ‘பிரைவேட் அக்கவுண்ட்’ என்றது எதிர்த்தரப்பு. இல்லை, ‘பர்சனல் அக்கவுண்ட்’ என்றது ஆளும் தரப்பு. கேட்டோ இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனமோ அதற்கு முன்பே, 2002-இல், தன் சோஷியல் செக்யூரிட்டி ஆய்வுத் திட்டத்தின் பெயரிலிருந்து ‘பிரைவேடைசேஷ’னை எடுத்துவிட்டு ‘சாய்ஸ்’ போட்டுக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான்.

தமிழில் இந்தச் சண்டை அவ்வளவாக எடுபடாது. தனியார் கணக்கு, தனிநபர் கணக்கு: இரண்டிலும் அதே ‘தனி’. அமெரிக்காவிலோ, பெயரை மாற்றிச் சொல்லியும் புஷ்ஷின் திட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.