காபிரும் கூலியும்

சொற்களுக்கும் பிறந்த ஊர் உண்டு. புகுந்த ஊரும் உண்டு. பிறந்த ஊரில் குற்றமின்றி வாழ்ந்த சொல் புகுந்த ஊரில் வசையாகிப் போவதும், ஓரிடத்தில் வசையாக நிற்கும் சொல் வேறோரிடத்தில் ஒரு கூட்டத்தாரின் குலப்பெயராக விளங்குவதும் மொழி வரலாறு அறிந்தோர் கண்ட செய்தியே. ஓர் இனத்தாரை இழிக்கும் சொல்லை அவ்வினத்தாரே தம்முள் வழங்கினால் உலகம் பொறுத்துக்கொள்கிறது. பிறர் வழங்கினால் கொதித்தெழுகிறது. "சொல் ஒன்றுதானே, வாய் மாறினால் குற்றமும் மாறுமா?" என்று இளைஞர் பலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை காண இரண்டு சொற்களின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று நம் மார்க்க மொழியான அரபியிலிருந்து கடலேறிச் சென்றது. மற்றொன்று நம் தாய்மொழியாம் தமிழோடு தொடர்புடையது. இரண்டும் தென்னாப்பிரிக்க மண்ணில் சந்தித்தன. இரண்டும் அங்கே வசையாயின.

மூடுதல் என்னும் வேர்

'கபர' என்னும் அரபு வேருக்கு மூடினான், மறைத்தான் என்பது முதற்பொருள். விதையை மண்ணால் மூடுகின்ற உழவனும் காபிரே. பொருள்களை இருளால் மறைக்கும் இரவையும் பழைய அரபுப் புலவர் காபிர் என்றனர். திருக்குர்ஆனில் அல்ஹதீத் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் வரும் 'குப்பார்' என்னும் பன்மைக்கு உழவர்கள் என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கூறியுள்ளனர். குற்றத்தை மறைக்கும் பரிகாரத்துக்குக் 'கப்பாரா' என்று பெயர் வந்ததும் இவ்வேரிலிருந்தேயாம். உண்மையை மறைப்பவன், மறுப்பவன் என்னும் மார்க்கப் பொருளும் இவ்வழியே அமைந்தது. அது ஒருவன் கொண்ட கொள்கையைக் குறிக்குமேயன்றி அவன் தோலையோ பிறப்பையோ குறிக்காது. கொள்கை மாறின் பெயரும் நீங்கிவிடும்.

இதற்கு அண்மைக் கால வரலாற்றிலும் சான்றுண்டு. ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்கே, இந்துகுஷ் மலைகளுக்கிடையே வாழ்ந்த மக்களின் நிலத்துக்குக் காபிரிஸ்தான் என்று பெயர். 1895-96இல் அமீர் அப்துர் ரஹ்மான் கான் அதனைப் படை கொண்டு வென்றார். மக்கள் இஸ்லாத்துக்கு வந்தபின் அந்நிலம் நூரிஸ்தான், அதாவது ஒளியின் நாடு என்று பெயர் பெற்றது. வென்ற முறை பற்றிய ஆராய்ச்சி வேறு. கொள்கையோடு பெயரும் மாறிற்று என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

கடல் கடந்தபின்

ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் கில்வா, மொம்பாஸா, ஸோபாலா முதலிய துறைகளில் அரபு வணிகரும் சுவாஹிலி முஸ்லிம்களும் வாழ்ந்தனர். உள்நாட்டில் இஸ்லாத்தை ஏற்காதிருந்தோரை அவர்கள் காபிர்கள் என்றனர். 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அக்கரையை அடைந்தன. பின்வந்த போர்த்துகீசியர் அச்சொல்லைக் கேட்டுக் 'காப்ரே' என்று தம் மொழியில் ஏற்றிக்கொண்டனர். அரபியர் கணக்கில் தாமும் காபிர்களே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை! அந்த வேளையிலேயே கொள்கையைக் குறித்த சொல் நிறத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதையே எடுத்து ஆண்டனர். 1847இல் ஆங்கிலேயர் கோஸா மக்களின் நிலத்தின் ஒரு பகுதிக்குப் 'பிரிட்டிஷ் காப்ரேரியா' என்று பெயரிட்டனர். 1866இல் அது கேப் குடியேற்றத்தோடு இணைக்கப்பட்டது. 1779 முதல் 1879 வரை கோஸா மக்களோடு நடந்த ஒன்பது போர்களையும் 'காபிர் போர்கள்' என்று எழுதினர். அம்மக்கள் உண்ட சோளம் காபிர் சோளமாயிற்று. லண்டன் பங்குச் சந்தையில் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பங்குகளுக்கும் காபிர்கள் என்றே பெயர் வழங்கிற்று. நிலமும் போரும் தானியமும் பணமும் இப்பெயரைச் சூடிக்கொண்டபின், மனிதன் மட்டும் அதனின்று தப்புவது எங்ஙனம்?

நூரிஸ்தானத்தோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. கோஸா மக்களுள் கிறிஸ்தவ சமயத்தை ஏற்றவர், பள்ளி ஆசிரியரானவர், பாதிரியாரானவர் ஆகியோரையும் வெள்ளையர் காபிர் என்றே அழைத்தனர். எந்த வேதத்தை ஏற்றாலும் நீங்காத பெயராக அது மாறிவிட்டது. 1948 முதல் 1994 வரை நடந்த நிறவெறி ஆட்சியில் அச்சொல் முழு நஞ்சாயிற்று. இன்று ஒருவர், "அகராதியைப் பாருங்கள், இது வெறும் அரபுச் சொல்தானே" என்று தென்னாப்பிரிக்கர் ஒருவரிடம் வாதிடுவாராயின், அவர் அகராதி கற்றவரேயன்றி வரலாறு கற்றவராகார்.

கூலி

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். உழைப்புக்குப் பெறும் ஊதியம் கூலி. திருக்குறள் அறிந்தோர் அச்சொல்லின் பெருமையும் அறிவர். ஆங்கிலத்தில் வழங்கும் கூலி என்னும் சொல் இதிலிருந்து பிறந்தது என்பாரும், குஜராத்தின் கோலி இனப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எப்படியாயினும் வேலைக்குரிய விலையைக் குறித்த சொல், வேலை செய்யும் மனிதனையே குறிக்கலாயிற்று.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையில் 342 பேரை இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,000க்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறையின் வழியே சென்றவர். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவனும் கூலி. கடை வைத்தவனும் கூலி. 1893இல் வழக்கு நடத்தச் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்'. ராமசாமி, முனுசாமி என்னும் தமிழ்ப் பெயர்களின் ஈற்றை அறுத்துச் 'சாமி' என்றும் வெள்ளையர் இந்தியரை ஏளனமாக அழைத்தனர். சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் தங்களுக்கு எசமானன் அல்லன் என்ற கருத்துப்பட நம்மவர் சிலர் திருப்பிக் கேட்டதுண்டு என்பதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறித்துள்ளார்.

அதே நூலில் நாம் நின்று நோக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உளது. கூலி என்னும் பெயரினின்று தப்புவதற்காக அங்குச் சென்ற முஸ்லிம் வணிகர் தம்மை அரபியர் என்று கூறிக்கொண்டனர். பார்ஸிகள் தம்மைப் பாரசீகர் என்றனர். குஜராத்திலிருந்து போன வணிகர் அரபியராகிவிட, வசை முழுவதும் தோட்டத்தில் நின்ற ஏழைத் தமிழனின் தலைமேல் இறங்கிற்று. அவ்வேழைகளுள்ளும் கலிமாச் சொன்னவர் இருந்தனர். இழிசொல்லை எதிர்த்து நில்லாமல், "அது என்னைக் குறிக்காது, அவனைத்தான் குறிக்கும்" என்று ஒதுங்கிக்கொள்வதும் அச்சொல்லுக்குச் செய்யும் ஓர் ஊழியமேயாகும்.

இதனினும் கசப்பான உண்மை, கூலி என்று அழைக்கப்பட்டுப் புண்பட்ட இந்தியர் ஆப்பிரிக்கரைக் காபிர் என்று அழைத்தமையாம். காந்தியடிகளின் தொடக்க கால எழுத்துகளிலும் பேச்சுகளிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. இந்தியரை ஆப்பிரிக்கரோடு ஒன்றாக வைப்பதே அவமதிப்பு என்னும் தொனியும் அவற்றுள் உண்டு. அவர் பின்னாளில் அந்நிலையைக் கடந்து வளர்ந்தார் என்பதும் உண்மை. எனினும் ஆப்பிரிக்கர் மறக்கவில்லை. கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016இல் நிறுவப்பட்ட அவர் சிலை, ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் சுட்டி எதிர்த்தமையால் 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. ஒரு சொல்லால் அடிபட்டவன் வேறொரு சொல்லால் அடிக்க உரிமை பெறுவதில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

தாமே ஏற்றுக்கொண்டோர்

அங்ஙனமாயின், இழிக்கப்பட்டவரே அச்சொல்லைத் தம் வாயால் கூறும்போது நடப்பது யாது?

தியோ சோகா என்பவர் கோஸா இனத்தவர். 1856இல் ஸ்காட்லாந்தில் குருப்பட்டம் பெற்றவர். ஸ்காட்டியப் பெண்மணியை மணந்தவர். இருநிறத்துப் பெற்றோருக்குப் பிறந்த தம் மக்களுக்கு அவர் எழுதிவைத்த அறிவுரையில், வெள்ளையராக நடிக்க வேண்டா, ஆங்கிலேயராக அன்றிக் காபிர்களாகவே உலகில் உங்கள் இடத்தைப் பெறுங்கள் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பகைவன் எறிந்த கல்லை எடுத்துத் தம் வீட்டு அடித்தளத்தில் வைத்த செயல் இது. நேட்டால் வணிகர் தம்மை அரபியர் என்று கூறிக்கொண்டதற்கு நேர்மாறான செயலும் இதுவே.

1986இல் மார்க் மத்தபானே என்னும் தென்னாப்பிரிக்கர், ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பில் தாம் வளர்ந்த வறுமையை நூலாக எழுதி, அதற்குக் 'காபிர் சிறுவன்' என்று பொருள்படப் பெயரிட்டார். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுலி 1992இல் 'கூலித்தூட்' என்னும் புதுச் சொல்லைப் படைத்து, ஒப்பந்தத் தொழிலாளரின் துயரையும் பண்பாட்டையும் அதனுள் அடக்கினார். கயூத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டி கயானாவுக்குச் சென்ற வரலாற்றை 2013இல் 'கூலிப் பெண்' என்னும் பொருள்படும் பெயரிலேயே வெளியிட்டார். இவர்கள் அச்சொல்லை இனிமையாக்கவில்லை. அது செய்த கொடுமைக்கு அதனையே சாட்சியாக நிறுத்தினர்.

ஆயினும் இழிக்கப்பட்டோர் அனைவரும் இவ்வழியை ஏற்றாரல்லர். மொரீஷியஸின் போர்ட் லூயி துறையில் தொழிலாளர் வந்திறங்கிய இடத்துக்குக் 'கூலி காட்' என்று பெயர். 1987இல் அப்பெயரை நீக்கி, குடியேறிகளின் துறை என்னும் பொருளில் 'ஆப்ரவாசி காட்' என்று மாற்றினர். ஒரே தீவில், ஒரே துயரத்தின் வழிவந்தோருள் ஒருவர் சொல்லைக் கையிலெடுத்தார்; மற்றவர் அதனைக் களைந்தனர். எடுப்பதா களைவதா என்று தீர்மானிக்கும் உரிமை அச்சுமையைச் சுமந்தோருக்கே உரியது. வேடிக்கை பார்த்தவருக்கு அதில் வாக்குச்சீட்டு இல்லை.

புத்தளமும் கொச்சியும்

சொல் நஞ்சாகாத இடங்களும் உண்டு. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இலங்கைக்கு ஆப்பிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்தனர். அவர் வழிவந்தோர் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். போர்த்துகீசியக் கலப்பு மொழிப் பாடல்களைத் தாளத்தோடு பாடும் இம்மக்கள் தம்மைக் காபிர் என்றே கூறிக்கொள்கின்றனர். அதனை இழிவாகக் கருதுவதில்லை. கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியிலோ அச்சொல் வழிபடு பெயராகவே ஆகிவிட்டது. 1663இல் டச்சுக்காரருக்கு அஞ்சி ஓடிய போர்த்துகீசியர், புதைத்த செல்வத்துக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று சுவருள் வைத்தனர் என்பது அவ்வூர்க் கதை. அவ்வாவியைக் 'காப்பிரி முத்தப்பன்' என்று அழைத்து மக்கள் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர்.

அவ்வாறாயின், புத்தளத்தில் குற்றமில்லாத சொல்லை டர்பனில் மட்டும் குற்றமென்பது ஏன்? புத்தளத்தில் அச்சொல்லை வைத்து யாரும் நிலத்தைப் பறிக்கவில்லை. அனுமதிச் சீட்டுக் கேட்டுச் சிறையிலிடவில்லை. டர்பனில் அவை யாவும் நடந்தன. சொல்லின் எடை, அதன் பின்னே நின்ற அதிகாரத்தின் எடையே ஆகும். அதனை அளந்து கூறத்தக்கவர் கேட்பவரே, சொல்பவர் அல்லர்.

தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களும் இம்முடிவுக்கே வந்துள்ளன. மேலதிகாரியை அச்சொல்லால் ஏசிய வரித்துறை ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்தும்படி இடப்பட்ட உத்தரவை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2016 நவம்பரில் தள்ளிற்று. தமக்கு உதவ வந்த கறுப்புக் காவலரை நோக்கி 48 முறை அச்சொல்லை வீசிய வெள்ளைப் பெண்மணி ஒருவருக்கு 2018 மார்ச்சில் மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதில் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது.

ரபதாவில் ஓர் ஆடை

இனி, நல்லவர் வாயிலிருந்து வந்தால், நண்பர் வாயிலிருந்து வந்தால் பொறுக்கத்தகுமோ எனின், நம் ஹதீதுக் கலையில் அதற்கும் விடையுண்டு. அபூதர் (ரலி) அவர்களை ரபதா என்னும் இடத்தில் மஃரூர் என்பார் கண்டார். அபூதர் அணிந்திருந்த ஆடை போன்றதையே அவர்தம் பணியாளும் அணிந்திருந்தார். காரணம் வினவியபோது அபூதர் மறைக்காமல் கூறினார்: தாம் முன்னொரு நாள் ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்துவிட்டதாகவும், அதனைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் தம்மிடம் உள்ளதென்று கண்டித்து, பணியாளர் நம் உடன்பிறப்புகள், நாம் உண்பதையும் உடுப்பதையும் அவர்க்கும் தருக என்று பணித்ததாகவும் உரைத்தார். இது புகாரியில் இடம்பெற்ற செய்தி. இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்றும், கருநிறத் தாயின் மகனே என்று ஏசியதாகவும் வேறு அறிவிப்புகள் கூறும்.

ஏசியவரோ இஸ்லாத்தை முதன்முதல் ஏற்றோருள் ஒருவர். ஏழைகளின் பக்கம் நின்றவர். ஏசப்பட்டவரோ அதே அவையில் உடனிருந்த தோழர். முன்செய்த நன்மையும் நட்பும் அந்த ஒரு சொல்லுக்கு அனுமதிச் சீட்டாகவில்லை. அபூதரும், "விளையாட்டாகச் சொன்னேன்" என்று சமாதானம் கூறவில்லை. ஆண்டுகள் பல கழிந்தும் பணியாளுக்குத் தம் ஆடையைப் போன்றதையே உடுத்தி, கேட்டவர்க்கெல்லாம் காரணத்தைத் தாமே கூறினார்.

சொல்பவர் யார் என்பது கணக்கில் கொள்ளத்தக்கதே. சோகா தம் மக்களுக்குச் சொன்னதையே ஒரு வெள்ளை அதிகாரி அவர்களுக்குச் சொல்லியிருந்தால் அது வேறு செயலாகியிருக்கும். ஆனால் அவ்வுரிமை அடிபட்டவரின் உடைமை. அதனை நட்பின் பேராலோ அகராதியின் பேராலோ இரவல் வாங்குதல் இயலாது. சுருள்முடியுள்ள பிள்ளையைக் 'காப்பிரி' என்று கேலி செய்யும் வழக்கு நம் இல்லங்கள் சிலவற்றில் உண்டு. வேலைக்காக வளைகுடாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஆப்பிரிக்கரோடு ஒரே அறையில் தங்குகின்றனர். ஒரே தட்டில் உண்கின்றனர். அங்கே நாவில் எது வரும் என்பது இங்கே வீட்டில் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. தாய்மாரும் தந்தையரும் இதனை மனத்திற் கொள்வாராக.